இயற்பியல் வகுப்பின் பின்னறை

பல நாடுகளில் முதலாண்டு இயற்பியல் வகுப்பில் தவறாமல் காட்டப்படும் செயல்விளக்கம் ஒன்று உண்டு. 'குரங்கும் வேட்டைக்காரனும்' என்று அதற்குப் பெயர். கூடத்தின் ஒரு மூலையில், உயரத்தில், ஒரு தகர டப்பாவை மின்காந்தம் பிடித்துக்கொண்டிருக்கும். அதுதான் குரங்கு. மேசைமேல் இருக்கும் சிறிய துப்பாக்கி டப்பாவையே நேராகக் குறிபார்த்து நிற்கும். குண்டு குழாயின் வாயைத் தாண்டும் அதே கணத்தில் மின்காந்தத்துக்குப் போகும் மின்சாரம் நிற்கும். டப்பா விழத் தொடங்கும். குண்டும் டப்பாவும் ஒரே முடுக்கத்தில் கீழே இறங்குவதால், தரையைத் தொடுவதற்குள் போய்ச் சேரும் அளவுக்கு வேகம் இருந்தால் போதும், குண்டு டப்பாவில் பட்டே தீரும்.

குண்டுக்கும் டப்பாவுக்கும் இடையே ஆறு மீட்டர், குண்டின் வேகம் நொடிக்குப் பத்து மீட்டர் என்று வையுங்கள். 0.6 நொடியில் குண்டு குறிக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 1.8 மீட்டர் இறங்கியிருக்கும். டப்பாவும் அதே அளவு இறங்கியிருக்கும். ஏட்டுக் கணக்கு இவ்வளவுதான். ஆனால் மின்சாரம் நின்றதும் மின்காந்தத்தின் இரும்பு தன் காந்தத்தை முழுவதுமாக விட்டுவிடுவதில்லை. எஞ்சிய காந்தம் டப்பாவை ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கூடுதலாகப் பிடித்துவைத்தால், குண்டு வந்து சேரும்போது டப்பா இருக்க வேண்டிய இடத்துக்குச் சுமார் 12 சென்டிமீட்டர் மேலே இருக்கும். குண்டு அதன் அடியில் புகுந்து போய்விடும். முந்நூறு மாணவர்கள் முன்னால், ஆசிரியர் நிறுவ வந்ததற்கு நேர்மாறானது நடக்கும்.

இதற்கு மருந்து ஒரு துண்டு ஒட்டுநாடா. காந்தத்தின் முகத்தில் மெல்லிய நாடாவை ஒட்டிவிட்டால், இரும்புக்கும் தகரத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்து, எஞ்சிய காந்தத்தின் பிடி தளர்ந்துவிடும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்த நாடா கிடையாது. இதை ஒட்டுபவர் பெரும்பாலும் பேராசிரியரும் அல்ல. கூடத்துக்குப் பின்னால் இருக்கும் தயாரிப்பு அறையில் வேலை செய்யும் செயல்விளக்கப் பணியாளர், அதாவது லேப் ஆள், காலையிலேயே வந்து இரண்டு முறை சுட்டுப் பார்த்துவிட்டு ஒட்டியிருப்பார்.

செயல்விளக்கம் என்றால் நம் மனத்துக்கு வருவது கருவி. கருவியை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று கல்லூரிகள் நினைக்கின்றன. நான் இதை வலுவாக மறுக்கிறேன். ஒரு செயல்விளக்கம் வகுப்பில் உயிரோடு இருப்பதற்கு இரண்டு விஷயங்கள் வேண்டும்: கருவியைத் தெரிந்த ஒரு மனிதர், காட்டுவதற்கு முன் மாணவரிடம் கேட்கப்படும் ஒரு கேள்வி. இரண்டில் எது குறைந்தாலும் கருவி கண்ணாடி அலமாரிக்குள்தான் போகும்.

இந்த மனிதரின் பதவி நவீன பல்கலைக்கழகங்களைவிடப் பழையது. லண்டன் ராயல் சொசைட்டி 1662இல் ராபர்ட் ஹூக்கை வேலைக்கு எடுத்தபோது அவருக்குக் கொடுத்த பதவியே பரிசோதனைகளின் பொறுப்பாளர் என்பதுதான். உறுப்பினர்கள் கூடும்போதெல்லாம் அவர்கள் கண்முன் சோதனைகளைச் செய்துகாட்டுவது அவர் கடமை. அடுத்த நூற்றாண்டில் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்த வில்லம் ஸ்கிராவசாண்ட நியூட்டனின் இயற்பியலைக் கணிதம் அதிகம் தெரியாத மாணவர்களுக்கும் கருவிகளைக் கொண்டே கற்பித்தார். பித்தளைப் பந்து சூடாவதற்கு முன் வளையத்துக்குள் நுழையும், சூடானபின் நுழையாது என்று பள்ளியில் நாம் பார்த்தோமே, அந்தப் பந்தும் வளையமும் இன்றுவரை அவர் பெயரிலேயே வழங்குகின்றன. வெவ்வேறு உயரத்திலிருந்து பித்தளை உருண்டைகளைக் களிமண்மேல் போட்டு, பள்ளம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்று காட்டியதும் அவர்தான். இயக்க ஆற்றல் என்ற கருத்து வளர்ந்த பாதையில் அது முக்கியமான சோதனை. ஆனால் அந்தக் கருவிகளை இழைத்து இழைத்துச் செய்துகொடுத்தவர் யான் வான் மஸ்சன்புரோக் என்ற கருவித் தச்சர். பேராசிரியரும் கைவினைஞரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று உருவாக்கிய அந்தத் தொகுப்பு லெய்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

மைக்கேல் ஃபாரடே இந்தப் பதவியிலிருந்துதான் புறப்பட்டார் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1813இல் லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனம் அவரை விஞ்ஞானியாக எடுக்கவில்லை. ஆய்வகத்தில் உதவி செய்வது, விரிவுரைக்கு வேண்டியதைத் தயார் செய்வது, கருவிகளைத் துடைத்துக் கழுவி வைப்பது, இவைதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. அடுப்பு சரியாக எரிகிறதா, மின்கலம் வலுவாக இருக்கிறதா, கடைசி வரிசைக்குத் தெரிகிறதா என்று பார்த்துப் பழகிய கண், பிறகு மேடைக்கு வந்தது. அங்கே 1825இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் விரிவுரைகளில் 1827க்கும் 1860க்கும் இடையே அவர் மட்டுமே 19 தொடர்களை நடத்தினார். அப்போது அவருக்கும் ஓர் உதவியாளர் இருந்தார்: சார்லஸ் ஆண்டர்சன் என்ற முன்னாள் பீரங்கிப்படை சார்ஜென்ட். ஃபாரடே பேசப் பேச, வேண்டிய பொருள் வேண்டிய நேரத்தில் மேசைக்கு வருவது அவர் கையில் இருந்தது.

இன்று இந்த ஏற்பாடு முழு உருவத்தில் இருப்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில். நடுத்தர அளவுள்ள இயற்பியல் துறைகளில்கூட ஒரு டெமோ அறையும், அதற்கென்று சம்பளம் பெறும் ஓரிருவரும் இருப்பது அங்கே சாதாரணம். பேராசிரியர் எந்த வகுப்புக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதிவிடுவார். வகுப்பு தொடங்கும்போது கருவி சோதிக்கப்பட்டு, தள்ளுவண்டியில் மேடைக்கு வந்திருக்கும். மணி அடித்ததும் அது திரும்பிப் போகும். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பிமென்டல் கூடம் இந்தத் தேவைக்காகவே கட்டப்பட்டது. அதன் மேடை வட்டமாகச் சுழலும். மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதி மாணவர்களை நோக்கி இருக்கும்போது, மற்ற இரண்டும் சுவருக்குப் பின்னால் இருக்கும். அங்கே அடுத்த வகுப்புக்கான கருவிகளைப் பொருத்திக்கொண்டிருப்பார்கள். வகுப்பு முடிந்ததும் மேடை சுழலும், அடுத்தவர் தன் கருவிகளோடு முன்னால் வந்து நிற்பார். கட்டடம் எழுப்பும்போதே இதை யோசித்தவர்கள், செயல்விளக்கத்தைப் பாடத்தின் ஓர் உறுப்பாகப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தப் பணியாளர்களுக்கு ஒரு சங்கமும் உண்டு. பைரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் இயற்பியல் கற்பித்தல் வளச் சங்கம், ஆயிரக்கணக்கான செயல்விளக்கங்களுக்கு நூலகப் புத்தகங்களைப் போல எண் கொடுத்து அடுக்கியிருக்கிறது. 1இல் தொடங்கினால் இயக்கவியல், 2 பாய்மங்கள், 3 அலைவும் அலையும், 4 வெப்பம், 5 மின்சாரமும் காந்தமும், 6 ஒளி, 7 நவீன இயற்பியல், 8 வானியல். 9 என்ற எண் கருவிகளுக்கும் பொதுத் துணைப்பொருள்களுக்கும். ஒரு பல்கலைக்கழகத்து லேப் ஆள் கேட்கும் எண்ணை, இன்னொரு ஊரில் இருப்பவர் தன் அலமாரியில் கண்டுபிடித்துவிடலாம். கட்டாயம் இருக்க வேண்டியவை என்று இருநூறு செயல்விளக்கங்களைத் தனிப்பட்டியலாகவும் வைத்திருக்கிறார்கள். புதிதாக ஒரு டெமோ அறை தொடங்குபவருக்கு அந்தப் பட்டியல் பெரிய உதவி.

அந்த அறையில் நடக்கும் வேலையின் நுணுக்கம் வெளியே தெரிவதில்லை. வான் டி கிராஃப் மின்னாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பட்டை ஓடி ஓடி மேலே இருக்கும் உலோகக் கோளத்தில் மின்னூட்டத்தைச் சேர்க்கும். தொட்டு நிற்கும் மாணவியின் தலைமுடி சிலிர்த்து எழும். குளிர்காலத்தில் பாஸ்டனில் இது அநாயாசமாக வேலை செய்யும். ஐப்பசி மழையில் சென்னையில் செய்து பாருங்கள், ஒரு முடிகூட அசையாது. ஈரக்காற்று மின்சாரத்தைக் கடத்திவிடுகிறது என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் குற்றவாளி காற்று அல்ல. கோளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் தூணின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. தூசியும் விரல் எண்ணெயும் அதோடு சேரும்போது மின்னூட்டம் அந்தப் படலத்தின் வழியே தரைக்கு இறங்கிவிடுகிறது. காரணம் தெரிந்தால் வழியும் தெரியும். தூணை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, தலைமுடி உலர்த்தும் கருவியால் தூணுக்கும் பட்டைக்கும் சூடான காற்றைக் காட்டி, வகுப்பு தொடங்கும்வரை பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டால், ஈரமான நாளிலும் ஓரளவு பொறி கிடைக்கும். இதைத் தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால் ஆசிரியர் ஒருமுறை முயன்று, தோற்று, "இங்கே இதெல்லாம் வேலை செய்யாது" என்று முடிவு கட்டிவிடுவார். நான் படித்த கல்லூரியிலும் இந்த மின்னாக்கி ஒன்று இருந்தது. பட்டை வெடித்துப் போய், பூட்டிய அலமாரிக்குள் இருந்ததை மட்டுமே பார்த்திருக்கிறேன். மாற்றுப் பட்டையின் விலை பெரிய தொகை அல்ல. அதை மாற்றுவது யாருடைய வேலை என்றுதான் அங்கே எழுதப்படவில்லை.

பாதுகாப்பும் இதே அறையின் பொறுப்பு. கூரையிலிருந்து தொங்கும் ஏழு கிலோ பவுலிங் பந்தைத் தன் மூக்கு நுனியில் வைத்து விட்டுவிட்டு ஆசிரியர் அசையாமல் நிற்பார். பந்து எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி மூக்கின் அருகே வந்து நின்றுவிடும். ஆற்றல் மாறாமையை இவ்வளவு நெஞ்சில் உறைக்கச் சொல்லும் செயல்விளக்கம் வேறில்லை. ஆனால் கயிறு பந்தின் எடையை மட்டும் தாங்கினால் போதாது. 60 டிகிரியிலிருந்து விட்டால் கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போது கயிற்றின் இழுவிசை எடையைப் போல இரண்டு மடங்கு. கூரைக் கொக்கி அதையும் தாண்டிப் பல மடங்கு தாங்க வேண்டும், அதை ஆண்டுதோறும் ஏறிப் பார்க்க வேண்டும். ஆசிரியருக்கும் ஒரு விதி உண்டு: பந்தை விட வேண்டும், தள்ளக் கூடாது; விட்டபின் தலையை முன்னால் நீட்டக் கூடாது. அதனால்தான் தலையின் பின்புறம் சுவரைத் தொட்டிருக்குமாறு நிற்கச் சொல்வார்கள்.

திரவ நைட்ரஜனும் அப்படித்தான். பூவோ ரப்பர் பந்தோ எதை அதில் முக்கினாலும் மாணவர்களுக்குக் கொண்டாட்டம். மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிரால் கையில் ஏற்படும் புண்ணைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுவார்கள். ஆனால் பணியாளர் அதிகம் கவலைப்படுவது லிஃப்டைப் பற்றி. திரவ நைட்ரஜன் அறை வெப்பநிலைக்கு வரும்போது ஏறக்குறைய 700 மடங்கு விரியும். பத்து லிட்டர் கொட்டினால் ஏழு கன மீட்டர் வாயு. சிறிய லிஃப்ட் பெட்டியின் கொள்ளளவே அதைவிடக் குறைவு. லிஃப்ட் நடுவில் நின்று, குடுவையும் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவருக்கு ஆக்சிஜன் இருக்காது. மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் மயங்கிவிடுவார். ஆகவே குடுவை மட்டும் லிஃப்டில் போகும், ஆள் படியில் போவார், மேல்மாடியில் இன்னொருவர் எடுத்துக்கொள்வார். இந்த ஒழுங்கைப் பேராசிரியர் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இனி இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். கருவி பிசகாமல் வேலை செய்து, மாணவர்கள் கைதட்டி, எல்லாம் நன்றாக நடந்த பிறகும் அவர்கள் எதையும் கற்றிருக்காமல் போகலாம். ஹார்வர்டில் கேத்தரின் கிரவுச், எரிக் மாசூர் முதலியோர் இதை அளந்து 2004இல் வெளியிட்டார்கள். ஒரே செயல்விளக்கங்களைச் சிலருக்குக் காட்டவே இல்லை. சிலருக்கு வழக்கம்போலக் காட்டினார்கள். சிலரை முதலில் 'என்ன நடக்கும்' என்று கணித்து எழுதச் சொல்லிவிட்டுக் காட்டினார்கள். சிலர் கணித்து, பார்த்து, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்தார்கள். பருவ இறுதியில் அதே சூழலைக் கேள்வியாகக் கேட்டபோது, சரியான விளக்கம் எழுதியவர்கள் முறையே 22, 24, 30, 32 சதவீதம்.

முதல் இரண்டு எண்களை நிதானமாகப் பாருங்கள். செயல்விளக்கத்தை வெறுமனே பார்த்தவர்களுக்கும் பார்க்கவே பார்க்காதவர்களுக்கும் நடுவே இருப்பது இரண்டே சதவீதப் புள்ளி. அத்தனை உழைப்பு, அத்தனை கருவி, பலன் இவ்வளவுதான். ஆனால் காட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டு, மாணவரை ஏதாவதொரு பதிலின் பக்கம் நிற்கவைத்தால் பலன் உயர்கிறது. கணிப்புக்கு அவர்கள் செலவிட்ட கூடுதல் நேரம் இரண்டு நிமிடம். வகுப்பில் இரண்டு நிமிடத்துக்கு இதைவிட நல்ல பயன் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாசூர் குழு 2013இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு இதற்குக் காரணத்தைக் கோடிகாட்டுகிறது. மாணவர்கள் தாங்கள் பார்த்ததாகச் சொன்னவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, உண்மையில் மேசைமேல் நடந்ததோடு பொருந்தவில்லை. கண்ணால் கண்டதும் பொய்யாகலாம் என்று நம் முன்னோர் சொன்னது வகுப்பறைக்கும் பொருந்துகிறது. கனமான பந்து முதலில் விழும் என்று ஆழமாக நம்புகிறவர், இரண்டும் ஒன்றாக விழுவதைப் பார்த்தபின்னும் கனமானதே முதலில் விழுந்தது என்று நினைவில் வைத்துக்கொள்வார். முன்கூட்டிக் கணித்தவர்களுக்கு, அந்தக் கணிப்பு தவறாகவே இருந்தாலும், நடந்ததைச் சரியாகக் கவனிக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. தன் சொல்லைப் பணயம் வைத்தவருக்குக் கண் கூர்மையாகிறது.

இதனால் டெமோ அறையின் வேலையும் மாறுகிறது. கருவியைத் தள்ளிக்கொண்டு வந்து வைத்தால் மட்டும் போதாது. கேள்வியைக் கேட்டு, கணிப்பை வாங்கும்வரை முடிவு தெரியாதபடி கருவி நிற்க வேண்டும். முடிவு தெரியும்போது எல்லோருக்கும் ஐயமின்றித் தெரிய வேண்டும். பின்வரிசைக்குத் தெரிவதற்காக ஜெர்மனியின் கோட்டிங்கனில் ராபர்ட் போல் என்ற இயற்பியலாளர் கையாண்ட வழி இன்னும் பழசாகவில்லை: கருவிக்குப் பின்னால் சிறிய, பிரகாசமான விளக்கை வைத்து, அதன் நிழலைப் பெரிதாகச் சுவரில் விழச்செய்வது. இப்போது கேமராவும் திரையும் வந்துவிட்டன. ஆனாலும் நிழலில் ஒரு நேர்மை உண்டு. மேசைமேல் நடப்பதும் சுவரில் தெரிவதும் ஒரே நேரத்தில் ஒரே கண்ணுக்குள் விழுகின்றன.

வாங்கிய கருவியைவிடக் காப்பவரே பெரியவர் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. அங்கே முதல் இயற்பியல் பேராசிரியராக இருந்த தாமஸ் பார்னல், 1927இல் ஒரு புனலில் தார் போன்ற கெட்டியான கீலை ஊற்றி மூடினார். சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோல நொறுங்கும் கீல் உண்மையில் பாய்மம்தான் என்று மாணவர்களுக்குக் காட்டுவது நோக்கம். மூன்று ஆண்டுகள் படியவிட்டு, 1930இல் புனலின் அடியை வெட்டித் திறந்தார். முதல் சொட்டு 1938இல் விழுந்தது. பார்னலுக்குப் பின் அந்தப் புனல் அலமாரியில் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1961இல் துறைக்கு வந்த ஜான் மெயின்ஸ்டோன் அதைக் கண்டெடுத்து, 2013இல் இறக்கும்வரை பாதுகாத்தார். அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்த அவர் ஒரு சொட்டு விழுவதைக்கூட நேரில் பார்க்கவில்லை. ஒன்பதாவது சொட்டு பிரிந்தது அவர் மறைந்த அடுத்த ஆண்டில். வகுப்பறைச் செயல்விளக்கமாகத் தொடங்கிய ஒன்று உலகப் புகழ் பெற்றது, ஒருவர் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டதால்.

நம் பக்கம் நிலைமை வேறு. இந்தியக் கல்லூரிகளுக்கான இயற்பியல் கருவிகளில் பெரும்பங்கு ஹரியானாவின் அம்பாலாவிலிருந்து வருகிறது. கிடைக்காதது என்று ஒன்றும் இல்லை. லேப் அசிஸ்டென்ட் பதவியும் இருக்கிறது. ஆனால் அவர் வேலை பிராக்டிக்கலோடு நின்றுவிடுகிறது: ஸ்பெக்ட்ரோமீட்டர், மீட்டர் பிரிட்ஜ், நியூட்டன் வளையங்கள், மாணவருக்குச் செட் எடுத்துக்கொடுத்துத் திரும்ப வாங்குவது. விரிவுரை நடக்கும் அறை வேறு மாடியில் இருக்கும்; அங்கே கரும்பலகையைத் தவிர எதுவும் போகாது. பிராக்டிக்கல் வேறு, செயல்விளக்கம் வேறு என்பதையும் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. முன்னதில் மாணவர் அளக்கக் கற்கிறார். பின்னதில் ஒரு கருத்து ஆசிரியரின் வாயிலிருந்து வரும் அதே நொடியில் கண்முன் நிகழ்கிறது. ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

மாற்ற முயன்றவர்கள் உண்டு. 1984இல் தொடங்கிய இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கத்தின் கீழ், கான்பூர் ஐஐடியில் பேராசிரியராக இருந்த எச்.சி. வர்மா அன்வேஷிகா என்ற மையங்களின் வலையமைப்பை வளர்த்தெடுத்தார். எளிய பொருள்களால் ஆன செயல்விளக்கங்களை ஆசிரியர்களின் கையில் கொடுத்துச் செய்யவைப்பது அதன் வழி. ஆசிரியர் தானே செய்து தோற்று மறுபடி செய்யும்போதுதான் அந்த ஒட்டுநாடா போன்ற அறிவு கைக்கு வருகிறது.

ஒரு கல்லூரித் துறை நாளையே தொடங்க நினைத்தால் பெரிய நிதி வேண்டாம். ஒரு மீட்டர் நீளச் செம்புக் குழாய் ஒன்றும், அதற்குள் தாராளமாக நுழையும் நியோடைமியம் காந்தமும் போதும். வெறும் இரும்புத் துண்டு குழாய்க்குள் அரை நொடிக்குள் விழுந்துவிடும். காந்தம், செம்பைத் தொடாமலே, பல நொடிகள் மிதந்து இறங்கும். குழாயில் எழும் சுழல் மின்னோட்டம் அதைப் பிடித்து இழுக்கிறது. காட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: செம்பைக் காந்தம் கவராது என்று உங்களுக்குத் தெரியும், அப்படியானால் எது முதலில் வெளியே வரும்? பதிலை எழுதி வாங்கிய பிறகே போட வேண்டும். அடுத்து, நீளவாட்டில் ஒரு வெட்டு விட்ட குழாயைக் காட்டி மறுபடி கேட்கலாம். திரவ நைட்ரஜன் கிடைக்கும் இடத்தில் குழாயைக் குளிரவைத்தும் கேட்கலாம். செம்பின் மின்தடை எண் அந்தக் குளிரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால் காந்தம் இன்னும் மெதுவாக இறங்கும்.

துறைத் தலைவர் செய்ய வேண்டியது இரண்டு. லேப் அசிஸ்டென்டின் வாரப் பணியில் விரிவுரைக்கென்று சில மணி நேரத்தை எழுத்தில் ஒதுக்க வேண்டும். அவர் கையில் ஒரு நோட்டைக் கொடுக்க வேண்டும்: எந்தச் செயல்விளக்கம், எந்த வகுப்பு, எந்தக் கேள்வி, எது சொதப்பியது, எப்படிச் சரியானது. அவர் ஓய்வுபெறும்போது கருவிகளின் சாவியோடு அந்த நோட்டையும் அடுத்தவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.